திருகாணி தொடக் கூடாத பக்கம்

நடுநிலைமையின் விலை ஒரு மோட்டார் சைக்கிள். புத்தம் புதியது, நிறம் நம் விருப்பம், பெட்ரோல் மட்டும் நம் பொறுப்பு.

விலை சொன்னவர் திரைச்சீலைக் கடைக்காரரின் மாமா, அதாவது அக்காவின் கணவர். காலையில் முதல் போணிகூட ஆகவில்லை. மேசைமேல் விரித்திருந்த பச்சைத் துணியில் முழங்கையை ஊன்றி, தெருப்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, உனக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் அத்துப்படி. திருகாணின்னு ஒருத்தன் இருக்கான். யாருன்னு கண்டுபிடிச்சுக் குடு."

கடைக்காரர் கையிலிருந்த கத்தரிக்கோல் துணியின் பாதியில் நின்றது.

"எந்தத் திருகாணி மாமா?"

"இணையத்துல கலைக்களஞ்சியம் இருக்குல்ல, யாரு வேணும்னாலும் எழுதலாம்னு திறந்து போட்டிருக்காங்களே, அதுல தேர்தல்ல நிக்கற உங்க அக்காவைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு. நம்ம பசங்க 'மக்கள் நாயகி'ன்னு எழுதிட்டு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்தத் திருகாணி எடுத்துடறான். சந்தைக் கூரை ஒழுகின கதையை மட்டும் பத்திரமா வெச்சிருக்கான். நாம எடுத்தா திரும்பப் போடறான். எதிர்க்கட்சி கைக்கூலி, சந்தேகமே இல்ல."

"அவங்க எழுதின 'ஊழல் ராணி'யையும் அவன்தான் எடுத்தான்னு கேள்விப்பட்டேனே."

"அது கண்துடைப்பு மாப்ள. நீ பச்சைப் புள்ள, உனக்கு அரசியல் தெரியாது."

பச்சைப் பிள்ளைக்குக் காதோரம் நரைத்து வெகு நாளாகிறது. 'ஊழல் ராணி'யை அவர் நேற்று மதியம்தான், ஒரு வாடிக்கையாளர் சாம்பல் நிறமா வெண்ணிறமா என்று தன் மனைவியோடு தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடைவெளியில், எடுத்துத் தள்ளியிருந்தார். ஏனென்றால் அந்தத் திருகாணி அவரேதான். இது தெரிந்த ஒரே ஆள் கடையின் பின்பக்கம் தையல் இயந்திரத்தில் ஓரம் அடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி. இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது. காதைத் தீட்டிக்கொண்டாள் என்று அர்த்தம்.

"ஆளுக்கு ஒரு விலை இருக்கும்ல?" என்றார் மாமா. "கூரை ஒழுகினதா எழுதின வரியை எடுத்துட்டு, வாக்குப்பதிவு வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காம இருந்தாப் போதும். மோட்டார் சைக்கிள்னு சொல்லிப் பாரு."

இந்த இடத்தில் மறுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர் பிறந்து வளர்ந்த குடும்பத்தில் ஒரு விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவமரியாதை. வாய் தன்னால் திறந்தது.

"தலைக்கவசம் சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்த்துத்தான்."

"காப்பீடு?"

"அடேங்கப்பா! அவன் கேட்கறதுக்கு முன்னாடி நீ கேட்கறியே. சரி, ஒரு வருஷக் காப்பீடு. உனக்குத் தரகு வேற தனியா."

வாங்குபவர் எதிரில் நிற்கிறார்; விற்பவனும் தரகனும் ஒரே செருப்பில் நிற்கிறார்கள். பின்பக்கம் மனைவிக்கு இருமல் வந்தது. சிரிப்பை அப்படித்தான் அவள் கணக்கில் எழுதுவாள்.

"அவன் மசிய மாட்டான்னு தோணுது மாமா" என்றார் கடைக்காரர், கத்தரிக்கோலைக் கீழே வைத்து.

"எப்படிச் சொல்ற?"

"இத்தனை வருஷமா காசு வாங்காம வேலை பார்க்கறவன். அவனுக்கு வேற ஏதோ கிடைக்குது."

"அது என்ன, மோட்டார் சைக்கிளை விடப் பெருசா?" என்று கேட்டுவிட்டுப் போனார் மாமா. நல்ல கேள்விதான்.

பெயர் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. கலைக்களஞ்சியத்தில் சேரும்போது பயனர் பெயர் கேட்டார்கள். அப்போது கையில் கம்பி மாட்டும் திருகாணி இருந்தது. பிறகு பார்த்தால் பொருத்தமாக அமைந்துவிட்டது. திரையை எல்லோரும் தொட்டுப் பார்த்துப் பாராட்டுவார்கள். அதைத் தாங்குகிற திருகாணி இருப்பது, கழன்று விழுந்தால்தான் தெரியும்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே அரசியல்வாதிகளின் பக்கங்களில் பெயரடைகள் ஈசல்போல் வந்து விழும். அஞ்சாநெஞ்சர், ஏழைகளின் தோழர், பச்சோந்தி, நில விழுங்கி. திருகாணி அத்தனையையும் பெருக்கித் தள்ளுவார். கடையில் ஒருவர் வந்து 'இருக்கிறதிலேயே நல்ல துணி வேண்டும்' என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. இத்தனை அகலம், இத்தனை நீளம், மேற்கு வெயில் படும் ஜன்னல் என்றால் உடனே விளங்கும். மனிதர்களைப் பற்றியும் அப்படித்தான் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. என்ன பதவி, எப்போது, என்ன செய்தார், யார் சொன்னது, எந்தப் பத்திரிகையில் வந்தது. மீதியை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். ஒரே நாளில் இரண்டு கட்சிக்காரர்களும் அவரை மற்றவன் ஆள் என்று திட்டினால், அன்று சாப்பாடு ஒரு கை கூடுதலாக இறங்கும். மாமா கேட்ட அந்த 'வேற ஏதோ' அதுதான். அந்தப் பெருமிதத்தை எந்தக் கடையிலும் அளந்து வாங்க முடியாது.

ஆனால் அந்தத் திருகாணியிலும் ஒரு துரு இருந்தது.

கலைக்களஞ்சியத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் பக்கத்தில் கை வைக்கக் கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால், அந்தப் பக்கத்தோடு ஒட்டிய உரையாடல் பக்கத்தில் 'இவர் எனக்கு இன்ன உறவு' என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு, வேறொருவரைத் திருத்தச் சொல்ல வேண்டும். அக்கா நகர மன்றத்தில் சந்தைக் குழுத் தலைவராக இருந்த காலத்தில், அவர் பக்கம் கட்சிச் சுவரொட்டி மாதிரி இருந்தது. பார்க்கச் சகிக்காமல் திருகாணி இறங்கிவிட்டார். உறவை அறிவிக்கவில்லை. புகழ்ந்தால்தானே தம்பி என்று கேள்வி வரும், வெட்டுகிற தம்பியை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தார். புதுச் சந்தையின் கூரை முதல் மழையிலேயே ஒழுகியதையும், சரியான ஆய்வு இல்லாமலே ஒப்பந்ததாரருக்குப் பணம் தர அக்கா கையெழுத்திட்டார் என்று விசாரணைக் குழு முதலில் சொன்னதையும், பத்திரிகைச் சான்றோடு அவர்தான் எழுதினார். எழுதிய அன்று தன் நேர்மையை நினைத்துத் தானே தோளில் தட்டிக்கொண்டார்.

மாமா போன பிறகு பழக்கதோஷத்தில் அக்காவின் உரையாடல் பக்கத்தைத் திறந்தார். எதிர்க்காற்று எழுதியிருந்தார்.

எதிர்க்காற்று யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. அக்காவை எதிர்த்து நிற்கும் வேட்பாளரின் ஆதரவாளர் என்று மட்டும் தன் பயனர் பக்கத்தின் முதல் வரியிலேயே அவர் பச்சையாக எழுதி வைத்திருந்தார். திருகாணியோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். அவர் எழுதியிருந்தது இது:

'திருகாணி அவர்களுக்கு. இந்த வேட்பாளர் தோற்க வேண்டும் என்பது என் விருப்பம். கூரை வரி இருக்கட்டும், உண்மை. ஆனால் குழுவின் இறுதி அறிக்கை எங்கே? பொறியாளர் பொய்ச் சான்று கொடுத்தார், அதை நம்பித்தான் இவர் கையெழுத்திட்டார், ஒழுகியதும் மறு ஆய்வு கேட்டவரும் இவரே என்று அதில் இருக்கிறது. சந்தைக் கட்டடத்தைப் பற்றிய பக்கத்தில் இதைச் சான்றோடு எழுதியதே நீங்கள்தான். இந்தப் பக்கத்தில் மட்டும் ஏன் விட்டீர்கள்? என் ஆளுக்கு என்றால் அன்று மாலைக்குள் சேர்த்திருப்பீர்கள். ஒரே கடையில் இரண்டு தராசா? உங்களுக்கு இவர்மேல் என்ன பகை?'

பகை! கடைக்காரர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவோ பேர் அவரைக் கைக்கூலி என்றிருக்கிறார்கள். துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். இது மட்டும் துடைத்தால் போகவில்லை. இறுதி அறிக்கை வந்த அன்று அவர் அதை வாசித்தார். அக்கா பக்கத்தில் சேர்க்கக் கையையும் வைத்தார். 'தம்பி வெள்ளையடிக்கிறான்' என்று நாளை யாராவது சொல்லிவிட்டால்? கையை எடுத்துவிட்டார்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "மோட்டார் சைக்கிள் விலை ஏறிடுச்சா?"

அவர் திரையைக் காட்டினார். அவள் நின்றபடியே முழுதும் வாசித்தாள். பிறகு மேசைமேல் கிடந்த பச்சைத் துணியைக் கையில் எடுத்தாள்.

"சொந்தக்காரங்க துணி வாங்க வந்தா, ஊரு பேசும்னு ஒரு சாண் குறைச்சு வெட்டுவீங்களா?"

"கூட வெட்டினாத்தானே பேசுவாங்க."

"குறைச்சு வெட்டினா ஜன்னல் மூடாதுங்க. பாதி ஜன்னல் தெரியும். இத்தனை வருஷமா அண்ணி அந்த அரைத் திரைக்குப் பின்னாடிதான் நிக்கறாங்க."

அவர் துணியை அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார்.

"இப்போ சேர்த்துடுங்களேன்."

"நான் சேர்க்கக் கூடாது. முதல்லயே தொட்டிருக்கக் கூடாது. நான் யாருன்னு அறிவிச்சுட்டு விலகணும். அறிவிச்சா அக்காவுக்குத் தெரிஞ்சிடும், கூரை வரியை எழுதினதே நான்னு."

அதுதான் சங்கடம். அப்பா போன பிறகு இந்தக் கடையைக் கைமாற விடாமல், மொத்த வியாபாரிகளோடு தொண்டை கிழியப் பேரம் பேசி, தம்பி கையில் சாவியைக் கொடுத்தது அந்த அக்காதான். அவர் முகம் திருப்பிக்கொண்டால் கடைக்காரருக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் ஒன்றும் இல்லை.

"பக்கத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "கடையை நான் பார்த்துக்கறேன். அந்தச் சாம்பல் நிறக்காரர் வந்தா விலையைக் குறைக்க மாட்டேன்."

அக்காவின் தேர்தல் அலுவலகம் ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் இருந்தது. சுவர்களில் இன்னும் மை வாசனை. மூலையில் துண்டறிக்கைக் கட்டுகள், அவற்றின்மேல் யாரோ கழற்றிப் போட்ட மழைக்கோட்டு. அக்கா வீங்கிய கால்களை எதிர் நாற்காலியில் நீட்டியபடி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். குரல் பாதி போயிருந்தது. மாமா தொலைபேசியில் யாரிடமோ ஒலிபெருக்கிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

"வாடா. திரை தைக்கிறவனுக்கு இங்க என்ன வேலை? ஓட்டா கேட்க வந்த?"

"அக்கா, அந்தத் திருகாணி நான்தான்."

மாமா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் தானே விலையைக் குறைத்துக்கொண்டே போவது கேட்டது.

"எது?" என்றார் அக்கா.

"அந்தக் கலைக்களஞ்சியத்துல. கூரை வரியை எழுதினதும் நான்தான்."

"அடப்பாவி!" என்றார் மாமா. "காப்பீடு வரைக்கும் கேட்டியேடா!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." அக்கா கால்களைக் கீழே இறக்கினார். "கூரை ஒழுகுச்சு. நான் கையெழுத்துப் போட்டேன். அதை நீ எழுதின. சரி. ஊருக்கே தெரிஞ்ச விஷயம், நீ எழுதலைன்னா இன்னொருத்தன் எழுதியிருப்பான். அந்த மழையில சேலை முட்டி வரைக்கும் நனைய வாளி தூக்கினேன். அந்தப் பொறியாளனை விடாம துரத்தி மறு ஆய்வு வாங்கினேன். அறிக்கையில வந்துச்சு, பத்திரிகையில வந்துச்சு. அதை ஏன்டா எழுதல?"

"தம்பி எழுதினான்னு சொல்லிடுவாங்களேன்னு..."

"அப்போ உனக்கு அக்காவா இருந்ததுல எனக்குத்தான் நஷ்டம்."

குரல் போன தொண்டையிலிருந்து அது மெதுவாகத்தான் வந்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

"ஆமாக்கா" என்றார். "உன்னை அளக்கும்போது மட்டும் அளவு தப்பிடுச்சு. என் பேர் கெடக் கூடாதுன்னு உன் கணக்குல குறைச்சுட்டேன்."

"சரி விடு, நல்லதாப் போச்சு!" மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்ம ஆளுதானே. இப்பவே அந்தக் கூரை வரியைத் தூக்கிடு மாப்ள, 'மக்கள் நாயகி'யைப் போட்டுடு. வண்டி என்ன நிறம் வேணும்?"

தம்பி வாயைத் திறக்கும் முன் அக்கா திறந்தார்.

"அவன் ஒரு எழுத்தைத் தொட்டான்னா நான் கையை உடைப்பேன். அப்பா கடையில யாராவது அளவுகோலைக் குறைச்சுப் பிடிச்சு நீங்க பார்த்திருக்கீங்களா? இவன் ஒருத்தன்தான் பிடிச்சிருக்கான், அதுவும் சொந்த அக்காவுக்கே. இப்படி ஒரு கிறுக்கன் எங்க குடும்பத்துல மட்டும்தான் பொறப்பான்." வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். "விதி என்னடா சொல்லுது?"

"உறவை அறிவிச்சுட்டு விலகணும். விட்டுப் போனதை வேற யாராவது சேர்க்கணும்."

"அறிவி. எனக்கு ஓட்டுப் போனாலும் பரவால்ல, அறிவி." பிறகு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கடைக்காரருக்கு அந்த வெளிச்சத்தைத் தெரியும். மொத்த வியாபாரி விலையில் எங்கே இடறினான் என்று கண்டுபிடித்தால் வருவது. "டேய், சொந்தத் தம்பியே குறை எழுதி வெச்சிருக்கற வேட்பாளர் இந்தத் தேர்தல்ல வேற யாராவது இருக்காங்களா?"

"அக்கா, வேணாம். அதைப் பிரசாரத்துல பேசாத."

"நீ உன் தொழிலைப் பாரு. நான் என் தொழிலைப் பார்க்கறேன்."

அன்று மதியமே கடையில், பச்சைத் துணியை ஓரம் தள்ளிவிட்டு, கடைக்காரர் உரையாடல் பக்கத்தில் எழுதினார். 'இந்த வேட்பாளர் என் உடன்பிறந்த அக்கா. அறிவிக்காமல் இந்தப் பக்கத்தைத் திருத்தியது தவறு. எதிர்க்காற்று சுட்டியது சரி: உறவைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயத்தில் அவருக்குச் சேர வேண்டியதை விட்டுவிட்டேன். இனி இந்தப் பக்கத்தையும், இவரை எதிர்த்துப் போட்டியிடுபவரின் பக்கத்தையும் தொட மாட்டேன். இறுதி அறிக்கையின் சான்று கீழே. சேர்ப்பதா, எப்படிச் சேர்ப்பது என்பதை மற்றவர்கள் முடிவு செய்ய வேண்டுகிறேன். பக்கங்களைப் பூட்டவும் திறக்கவும் நிர்வாகி என்ற முறையில் என்னிடம் உள்ள சாவியையும் திருப்பித் தரத் தயார்.'

பெருமிதமாக இருந்த ஒரு வேலையை இப்படி முடிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். 'நாடகம்' என்றார்கள் சிலர். 'குடும்பமே களத்தில்' என்றார்கள் வேறு சிலர். கலைக்களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் கூடிப் பேசி, சாவி இருக்கட்டும், அந்த இரண்டு அறைக்குள் மட்டும் நுழையாதே என்று தீர்ப்புச் சொன்னார்கள். 'நுழைந்தால் நானே கதவைச் சாத்துவேன்' என்று அதற்கு ஆதரவாக முதலில் கையெழுத்திட்டவர் எதிர்க்காற்று.

விட்டுப்போன வரியைச் சேர்த்ததும் அவர்தான். 'பொறியாளரின் பொய்ச் சான்றை நம்பியே கையெழுத்திட்டார் என்றும், மறு ஆய்வைக் கோரியவர் இவரே என்றும், எனினும் சான்றை நேரில் சரிபார்க்காதது கவனக்குறைவு என்றும் இறுதி அறிக்கை கூறியது.' ஒரு பெயரடை இல்லை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைக்காரர் அதை மனைவியிடம் மூன்று தரம் வாசித்துக் காட்டினார், தானே எழுதியதுபோல.

"அந்தக் 'கவனக்குறைவு' இல்லாம முடியாதாம்மா?" என்று மாமா கடைக்கு வந்து கேட்டபோது, மனைவிதான் பதில் சொன்னாள்: "அறிக்கையில இருக்கு அண்ணே. துணியோட சேர்ந்து ஓரமும் வரும்."

அக்கா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தெருமுனையிலும் போன குரலோடு, "என் குறையை எழுதினவன் என் தம்பி, நிறையை எழுதினது எதிர்க்கட்சிக்காரர்" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். அதை யாரோ ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்த்தார்கள். டீ ஆறுவதற்குள் எதிர்க்காற்று எடுத்துவிட்டார். காரணம்: 'மேடைப் பேச்சு சான்று ஆகாது.' கடையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரருக்கு, தன் கையால் எடுத்திருந்தால்கூட அவ்வளவு திருப்தி வந்திருக்காது.

முடிவு வந்த நாள், அக்கா வென்றிருந்தார். கொஞ்ச வாக்குகளில்தான். வெளியே வெடிச் சிரிப்பும் வாகனச் சத்தமும். கடைக்காரர் உள்ளே கணினியைத் திறந்தார். அக்காவின் பக்கத்தில் ஒரு புது வரி இருந்தது: தொகுதி, வாக்குகள், வித்தியாசம், சான்று. எழுதியவர் எதிர்க்காற்று. தன் ஆள் தோற்ற எண்ணைத் தன் கையாலேயே அவர் தட்டியிருந்தார்.

உரையாடல் பக்கத்தில் அவர் ஒரு குறிப்பும் விட்டிருந்தார். 'என் ஆள் தோற்றுவிட்டார். எண்கள் சரியா என்று பார்த்துப் பக்கத்தில் திருத்திவிடுங்கள்.'

கடைக்காரர் பதில் எழுதினார்: 'நான் தொடக் கூடாது.'

'தெரியும். வெற்றி மயக்கத்தில் மறந்துவிட்டீர்களா என்று பார்த்தேன்.'

மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்துவிட்டு இந்த முறை இருமவில்லை, வாய்விட்டே சிரித்தாள். கடைக்காரர் சிரிக்கவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். முகம் தெரியாத ஒருவருக்கு எழுந்து நிற்கத் தோன்றிய ஒரே தருணம் அவர் வாழ்க்கையில் அதுதான்.

சாயங்காலம் அக்கா மாலையைக் கழற்றி மாமா கையில் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். பச்சைத் துணியைத் தடவிப் பார்த்தார்.

"என் அலுவலகத்துக்கு நாலு ஜன்னல்டா. முழு அளவா வெட்டு. ஒரு சாண்கூடக் குறையக் கூடாது."

"கூடவும் வெட்ட மாட்டேன்" என்றார் தம்பி.

"அதுவும் தெரியும்."

கடை சாத்தும்போது அவர் வழக்கம்போல் அன்றைய கணக்கை மனத்துக்குள் போட்டார். மக்கள் நாயகி: நீக்கம். ஊழல் ராணி: நீக்கம். கூரை ஒழுகியது: இருக்கிறது. வாளி தூக்கியவர் மறு ஆய்வு கேட்டது: இருக்கிறது. கவனக்குறைவு: இருக்கிறது, மாமாவுக்கு வருத்தம். மோட்டார் சைக்கிள்: வாங்கவில்லை, வீட்டுக்கு நடை. அக்காவுக்குக் குறைத்த ஒரு சாண்: நேர் செய்தாயிற்று, வேறொருவர் கையால். எதிர்க்காற்றுக்கு ஒரு கோப்பை டீ: பாக்கி. முகவரி தெரிந்தால் தீர்க்கப்படும்.